எடைப்பாலம்

இருக்கை தரையிலிருந்து எண்ணூற்று நாற்பது மில்லிமீட்டர்.
என் கால் எழுநூறில் முடிந்துவிடுகிறது.
மிச்சத்தை
எங்கிருந்தாவது நான்தான் கொண்டுவர வேண்டும்.

இடுப்பை இடப்பக்கம் நழுவவிட்டு
ஒரே ஒரு பெருவிரலை
கோல கெட்டில் தாருக்குக் கொடுப்பேன்.
மறுகால் பிரேக்கில்.
பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்குத் தெரியாது
எதன்மேல் நின்றுகொண்டிருக்கிறது
இவ்வளவு இரும்பும்.

மழைநீர் லோங்காங்கில் இறங்கவேண்டுமென்று
சாலையை இடப்பக்கம் சரித்துப் போடுகிறார்கள்.
என் கால் இறங்குவதும் அந்தப் பக்கம்தான்.
ஆகவே எனக்கென்று ஒரு வரைபடம் உண்டு:
அஞ்சலகச் சந்திப்பில் நடைபாதைக் கல், நல்ல கல்.
பள்ளிவாசல் திருப்பத்தில் நிற்கவே கூடாது,
சிவப்பைத் தூரத்தில் கண்டதுமே
நத்தையாய் உருண்டு பச்சைக்குக் காத்திருக்கணும்.
பெட்ரோல் நிலையத்தில் மூன்றாம் பம்ப் மட்டும்.
மாரியம்மன் கோயில் எதிரே புதுத் தார், அரை அங்குலம் கூடுதல்;
அது எனக்காகப் போட்டது என்று
போட்டவர்களுக்கே தெரியாது.

'ஸ்பிரிங் மாத்து, ரெண்டு இஞ்சு இறங்கும்' என்றான் ஆ கியோங்.
முன்னூறு ரிங்கிட்.
செம்மண் பாதையில் வயிறு இடிக்கும், வேண்டாம் என்றேன்.
அவனிடம் சொன்ன காரணம் அது.

ஆலையில் எனக்கு லோரி நிறுக்கும் வேலை.
பழக்குலையோடு உள்ளே, வெறும் தட்டோடு வெளியே,
கழித்தால் கணக்கு.
ஒரு ராத்திரி ஷிப்டில் கடைசி லோரியும் போனபின்
என் வண்டியை ஏற்றிப் பார்த்தேன்.
வண்டி மட்டும்: இருநூறு.
நானும் சேர்ந்து: இருநூற்று நாற்பது.
நான் நாற்பத்தேழு கிலோ.
இருபது இருபதாகத்தான் எண்ணும் அந்தப் பாலம்;
ஏழு கிலோவை என்ன செய்ததென்று
திரை சொல்லவில்லை.

புதன்கிழமை, பசார் மாலாம்.
கரும்புச்சாறு வண்டியை ஒட்டி நிறுத்தப் போனேன்.
கால் இறங்கிய இடத்தில் தரை இல்லை.
விழுந்தேன் என்று சொல்லமாட்டேன், அவ்வளவு மெதுவாக,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்,
ஆனால் நிறுத்தவும் முடியாமல்.

தே தாரிக் கிளாஸை வைத்துவிட்டு
நாலு நாற்காலிகள் எழுந்தன.
லோரிக்காரர் கண்ணாயிரம், ஆறடி,
கையை விரித்தபடி முதல் ஆளாய்.
'போலே கா, காக்?' என்றது ஒரு மலாய்ப் பையன்.
'இருங்கண்ணே.'

சாவியை அணைத்தேன். கியரில் போட்டேன்.
வண்டிக்கு முதுகு காட்டி
இருக்கை விளிம்பில் பின்புறத்தை அழுத்திக் குந்தினேன்.
ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை கம்பியில்.
முதுகால் தூக்கக் கூடாது; தொடைதான்.
பின்னாலேயே நடந்தேன்,
குட்டிக் குட்டி அடியாக,
என் கால்களுக்கு வேறு அடி தெரியாது.
காணாமல்போன அந்த ஏழு கிலோவும்
அப்போது என்னோடு இருந்தது.

யாரும் கைதட்டவில்லை.
கரும்புச்சாறு அம்மாள் என் ஒற்றைக் காலணியை நீட்டினாள்.
கண்ணாயிரம் இன்னும் கையை மடக்கவில்லை.

மறுநாள் எடைப்பாலத்தில் ஜன்னலுக்குக் குனிந்தார்.
'நேத்து எவ்வளவு?'
'இருநூறு.'
'தனியாவா?'
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
பின்னால் ஆறு லோரி.

சாயங்காலம் அஞ்சலகச் சந்திப்பில் சிவப்பு.
நடைபாதைக் கல்லுக்கு அன்றுதான்
கறுப்பும் வெள்ளையும் அடித்திருந்தார்கள்.
காயவில்லை. தெரியும்.
வேறு கல் இல்லை.

காலையில் போகும்போது பார்த்தேன்.
ஒரு விரல் அகலத்துக்கு
வெள்ளை இல்லை.