குசினி

கணினி இருப்பது குசினியில்.
வேறு இடமில்லை. உறைபெட்டிக்கு மேல்,
மிளகாய்த்தூள் வாளிக்குப் பக்கத்தில்,
விசைப்பலகையில் கொஞ்சம் மஞ்சளோடு.
தொலைக்காட்சி முன்னறையில், நாற்பத்தாறு அங்குலம்,
தவணை இன்னும் பதினொன்று.
இடையில் இரண்டு கதவு, ஒரு சப்பாத்துத் தட்டு.

கௌசிகாவின் கலியாணம் ஸ்காபரோவிலிருந்து
தபாலில் பீல் நகரத்துக்கு வந்தது,
சோப்புக்கட்டி அளவு வன்தட்டில், நாலு மணி நேரம்.
முதல் ஞாயிறு நின்றபடியே பார்த்தோம்,
அடுப்புக்கும் திரைக்கும் நடுவில் மூன்று பேர்.
தாலி ஏறும் நேரம் பருப்பு பொங்கியது.

"என்ர கேம் பெட்டி எல்லாத்தையும் இழுக்கும், அப்பா"
என்றான் ஆரூரன். பதினாலு வயது.
இழுபடாதது எதுவுமில்லை அவனுக்கு.

இறக்கிய மென்பொருள் கணினிக்கு ஒரு பெயர் கேட்டது.
"இருக்கிற இடத்தைப் போடன்" என்றாள் தர்மினி.
ஆங்கில எழுத்தில் குசினி என்று அடித்தான்.

முதல் நாள் சத்தம் வந்தது, படம் இல்லை.
அடுத்த நாள் படம் வந்தது, ஐயர் முதல் எல்லோரும் ஊமை.
மூன்றாம் நாள், இந்த வகைக் கோப்பை அறியேன் என்று
பிரெஞ்சில், மிகுந்த மரியாதையோடு, சொன்னது பெட்டி.
வகை மாற்ற இரவு முழுக்க ஓடியது கணினி;
ஆஸ்பத்திரிச் சலவைக்கு நான் புறப்பட்ட அதிகாலை
எழுபத்தொரு வீதம், உறைபெட்டி மேல் மூச்சிரைத்தபடி.

பிறகு ஒரு மாலை, சட்டென்று,
கௌசிகாவின் மூக்குத்தி என் உள்ளங்கை அளவு.
தர்மினி கதிரையைப் பின்னால் தள்ளினாள்.
"இவ்வளவு கிட்ட நான் அவளை
ஒன்பது வருசமாய்ப் பார்க்கேல்லை."

வைஃபை கீழ்வீட்டோடு பாதிப் பாதி.
செனோர் வால்டெமார், கூரை வேலைக்கு முதுகைக் கொடுத்தவர்,
புதன்கிழமை குப்பைப்பையோடு படியில் மறித்தார்.
அவருடைய பிரெஞ்சும் நொண்டி, என்னுடையதும் நொண்டி.
"என் தொலைக்காட்சிக்குள் ஒரு குசினி இருக்கிறது.
எழுத்தெல்லாம் பிழை. ஆனாலும் எங்கள் சொல்."
"எங்கள் சொல்" என்றேன் நானும்.
பேரன் விட்டுப்போன அதே பெட்டி அவர் வீட்டிலும்.
"அடுப்பு இருக்கும் என்று திறந்தேன். கலியாணம் இருந்தது.
மூன்றாம் பாகம் வரை பார்த்துவிட்டேன். சொல்லுங்கள்,
தூணுக்குப் பின்னால் அந்த மஞ்சள் சால்வைக்காரர்
ஏன் அழுகிறார்?"

தர்மினி கொதித்தாள். என்ர தங்கச்சியின்ர கலியாணம்
கண்டவனுக்கும் படமோ? "பூட்டவா, அம்மா?"
"பூட்டு." பிறகு, "பொறு.
எந்தச் சால்வை?"

ஒரு மணி நாற்பதாவது நிமிடம். இருந்தார்.
ஹோமப் புகை என்றேன். ஹோமம் இன்னும் மூட்டவில்லை.
ஆறு தரம் பார்த்த படம்.
ஸ்காபரோவுக்கு அடித்தோம். பெண் பகுதி சொன்னது,
மாப்பிள்ளை ஆள். மாப்பிள்ளை பகுதி சொன்னது,
உங்கட ஆள்தானே.

அதற்குப் பிறகு பூட்டுப் பேச்சு எழவில்லை.

ஞாயிறு, எட்டு மணி.
எங்கள் நாதஸ்வரம் தரைக்குக் கீழிருந்தும் கேட்கிறது,
அரைத் தாளம் பிந்தி.
அவர் சால்வை நுனியை எடுத்துக்
கண்ணுக்குக் கொண்டுபோகும் இடத்தில்
படம் நின்று வட்டம் சுழல்கிறது.
கீழேயும் மேளம் அறுந்துபோகிறது.
தெருவில் ஒரு பஸ் நின்று, போகிறது.

தும்புத்தடியால் கீழிருந்து இரண்டு தட்டு.
தர்மினி குதிக்காலால் ஒன்று தட்டுகிறாள்:
எங்களுக்கும் நின்றிட்டுது.