பூஜ்யம் முதல் ஐந்து வரை

பெருங்குடியில் நான்காவது மாடி.
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவை
இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு அளக்கிறேன்.
ஒரு பதிவுக்கு ஒன்பது நொடி.
திரையின் இடப்பக்கம் யாரோ எழுதியது,
வலப்பக்கம் ஆறு வட்டங்கள்.
பூஜ்யம் என்றால் இஸ்லாமியப் பண்பாடு அறவே இல்லை,
ஐந்து என்றால் முழுக்க முழுக்க.

யாருக்கு வேண்டுமாம் இந்தக் கணக்கு?
கிளையன்ட்டுக்கு, என்றார் டீம் லீட் ஞானசுந்தரி.
கிளையன்ட் யார்?
அவருக்கும் தெரியவில்லை.
நல்லவர். நோன்பு மாதத்தில் கேட்காமலே
என் ஷிஃப்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளித் தந்தவர்.

இன்ஷா அல்லாஹ் வந்தால் மூன்று, என்கிறது கையேடு.
சேர்த்து எழுதினால், பிரித்து எழுதினால்,
ஷ போட்டால், ஸ போட்டால்,
அவசரத்தில் பாதியில் விட்டால்
இயந்திரத்துக்கு அவை பதினொரு தனித்தனிச் சொற்கள்.
எங்கள் தெரு பிளம்பர் காஜா முகைதீன் சொன்னால்
நாளைக்கு வரமாட்டார் என்று பொருள்.
அதுவும் மூன்றுதான்.

பிறை பார்த்த இரவின் பதிவுகளையெல்லாம்
வானிலையில் அடுக்கி வைத்திருந்தது இயந்திரம்.
'காசிமேட்டுல ஒரே மேகம்.'
'ராயபுரம் மொட்டை மாடில ஏழு பேர் நிக்கிறோம், ஒண்ணும் தெரியல.'
'பக்கத்து மாடி ரோஸ்லின் ஆன்ட்டி பாத்துட்டாங்களாம்,
அவங்க சாட்சி செல்லுமா?'
சிரித்துவிட்டேன்.
ஒன்பது நொடி தாண்டி மணி அடித்தது.

பச்சைக் குவிமாடம், அரபு எழுத்து, மினுமினுக்கும் ரோஜாப்பூ
வெள்ளிதோறும் வந்து விழும்.
ஐந்து. ஐந்து. ஐந்து.
யாரும் படிக்காமல் வாங்கி
யாரும் படிக்காமல் தள்ளிவிட்டவை.
'ஸ்டான்லில ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட், ராத்திரிக்குள்ள.
யாரா இருந்தாலும் வண்டி நாங்க அனுப்புறோம்.'
பூஜ்யம்.
'கஞ்சிக்குத் தூக்குவாளி எடுத்து வரவும்.
கொதிக்கிறதைப் பிளாஸ்டிக் பையில் ஊற்ற மாட்டோம்.'
உணவு. ஒன்று.

சாப்பாட்டு இடைவேளையில் என் கைப்பேசி.
எங்கள் குடும்பக் குழுவுக்குப் பெயர்
'லிங்கிச் செட்டித் தெரு, ரெண்டாவது மாடி.'
அந்த மாடியைக் காலி செய்து ஆறு வருடம்.
வாப்பா மவுத்தாகி இரண்டு.
அவர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தோம்,
குழுவிலிருந்து எடுக்க யாருக்கும் கை வரவில்லை.
ஒருநாள் படம் மாறியது,
வெள்ளைத் தொப்பி போய்ச் சிவப்புப் பல்சர்.
வியாசர்பாடிப் பையன், பேர் குணாளன்,
கம்பெனி அந்த எண்ணை அவனுக்குக் கொடுத்துவிட்டது.
'தப்பான குரூப்னு நினைக்கிறேன், வெளிய போயிடவா?'
அரை மணி நேரம் ஒருவரும் எழுதவில்லை.
பிறகு உம்மா, குரல் பதிவில்,
'இரு வாப்பா, என்ன அவசரம்.'
எங்கள் வீட்டில் பையன்களையெல்லாம்
அப்படித்தான் கூப்பிடுவது.
ஆனாலும் அதை ஏழு தடவை கேட்டேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ரோஜாப்பூக்களுக்கு
வாப்பாவின் எண் 'சேம் டு யூ' போடுகிறது.
பிறை இரவில் 'எங்க ஏரியால மழை' என்றது.
உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அன்று
விடியற்காலை ஐந்து மணிக்கே
எழும்பூர் போய் டோக்கன் போட்டு வைத்தது.

இடைவேளை முடிந்து வந்தால்
திரையில் மறுபடி ரோஜாப்பூ.
விரல் ஐந்துக்குப் போய்விட்டது,
என்னவோ, முழுவதும் படித்தேன்.
குவிமாடத்துக்குக் கீழே, மினுமினுப்புக்கும் கீழே,
அனுப்பியவர் தன் கையால் சேர்த்த ஒரே சொல்:
'சாப்டியா?'

மணி அடிக்கிறது.
ஞானசுந்தரி எட்டிப் பார்க்கிறார்,
என்ன தௌலத், நெட் போயிடுச்சா?