மூவாயிரத்துக்கு மேல் இல்லை

"நாவற்குழிப் பாலம் ஏறேக்க
ஆரோ பின்னால பிடிச்சு இழுத்த மாதிரி" என்றார்
குருநகர்க் கிளெமென்ற்.
லொறியில் எண்ணூறு கிலோ பாரை,
ஐஸ் உருகி வீதியெல்லாம் ஈரக் கோடு.

மஞ்சள் விளக்கு. ஊசி மூவாயிரத்தைத் தாண்டாது.
சுன்னாகத்தில் ஒருத்தன்
ரேர்போ முடிஞ்சுது, மூன்றரை லட்சம் என்றானாம்.

ஸ்கானர் சொன்னது அவ்வளவில்லை:
கேட்ட காற்று வந்துசேரவில்லை.
ஏன் என்று அதற்குத் தெரியாது.

ரேர்போவின் தண்டை விரலால் அசைத்தேன். ஆட்டமில்லை.
சும்மா ஓடவிட்டுக் காது வைத்தேன்;
பூசைக்கு வந்த பிள்ளைபோல நின்றது எஞ்சின்.

பிறகு காற்று வாயை அடைத்து,
சைக்கிள் வால்வு ஒன்றால் காற்றடித்து,
குழாய் நெடுகச் சவுக்காரத் தண்ணி பூசினேன்.
இன்ரகூலருக்குக் கீழே, கிளிப்பின் மறைவில்
ஒரு குமிழ்.
பொறுத்து, இன்னொன்று.
விரல்நக நீள வெடிப்பு.
பாரம் ஏறினால்தான் வாய்திறக்கும்,
இறக்கினால் ஒன்றும் நடவாததுபோல் மூடிக்கொள்ளும்.

"அப்ப ஏன் நொண்டினது?"
தன்னைக் காப்பாற்ற, என்றேன்.
காற்றுக் குறைந்தால் தானே வேகத்தை வெட்டி
வீடு வரைக்கும் கொண்டுவந்து விடும்.
பொனற்றுக்குள் கனநேரம் பார்த்தார்.
"எனக்கும் இப்பிடி ஒண்டு பூட்டேலாதோ?"

குழாய் நாலாயிரத்து ஐந்நூறு. கூலிக்குப் பதில்
ஒரு பாரை தந்தார், கண் கொஞ்சம் மங்கியது.
பாலத்தில் மூன்றாம் கியர் இழுக்கும் சத்தம்
அரியாலை வரை கேட்குமா என்ன.
கேட்டதாய் நினைத்துக்கொண்டு
கை கழுவினேன்.