கால் போத்தல்

போயா நாள். கடைகள் மூடியிருக்குமென்று
நேற்றே வாங்கிப் பத்திரிகையில் சுற்றி
சோற்றுப் பார்சலுக்கடியில் வைத்திருந்தான் றெஜினோல்ட்.
மட்டக்குளியைத் தாண்டி
களனி கங்கை தன் சேற்றைக் கடலில் துப்பும் இடத்தில்
மணல்திட்டு தட்டாமல் வெளியேறினோம்.
அதற்கே இருவருக்கும் வேர்த்துவிட்டது.

பாய் ஒருதரம் உதறிக்கொண்டு
காற்றைப் பிடித்தது.
படகு சாய, பத்திரிகை அவிழ்ந்து
போத்தல் உருண்டு என் குதிக்காலுக்கு வந்தது.
மறுபக்கம் திரும்பியதும் அவனிடம் போனது.
ஒருவரும் எடுக்கவில்லை.

வழக்கமாக நஸ்மி வருவான்.
பதினாலடிப் படகில் மூன்றிலொரு பங்கு அவனுடையது.
சுக்கான் மட்டும் முழுவதும் அவனுடையது.
அவன் குடிப்பதில்லை;
ஆகவே நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை
கை வலிக்கிறதா என்று,
நீயும் கொஞ்சம் மல்லாந்து கிடக்கிறாயா என்று.
அவனுக்கு ஒரு நெக்டோ. எங்களுக்கு வானம்.
போன வருடம் ஒரு பின்னேரம்
படகின் விளிம்பில் நின்று றெஜினோல்ட் சலம் விட்டபோது
ஒரு கையால் சுக்கானையும்
மறுகையால் இவன் பெல்ட்டையும் பிடித்திருந்தான்.
நான் மேகங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தோஹாவில்
ஜன்னலில்லாத ஓர் அறையில் கணக்கு எழுதுகிறான்.

"நீ குடி மச்சான், நான் பிடிக்கிறேன்."
"இல்லை, நீ குடி."
தூரத்திலிருந்து பார்த்தால் பெருந்தன்மை.
எனக்குத் தெரியும், இரண்டாவது மிடறில்
அவன் எழுந்து நிற்பான்.
அவனுக்குத் தெரியும், நான் போடும் முடிச்சுகள்
பிறகு எதையும் பிடித்துவைக்காது.
முதல் மிடறு ஒன்றும் செய்யாதுதான்.
ஒன்றும் செய்யவில்லையே என்று காட்டத்தான்
அடுத்தது.

துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் வெளிக்கிட்டது,
கொள்கலன்கள் அடுக்கிய ஏழு மாடி.
பார்த்தோம், கையசைத்தோம், மறந்தோம்.
பாரந்தூக்கிகள் சிறுத்து
தாமரைக் கோபுரம் விரல் நகமளவானபோது
சத்தமில்லாமல் வந்தது அதன் அலை.
கயிற்றை நான் விட்டேனா அவன் விட்டானா,
பாய் சரிந்து, தண்ணீர் மடியில் ஏறி,
போத்தல் மூன்றுதரம் பலகையில் மோதியது.
உடையவில்லை.
இறால் சம்பல் மட்டும் கடலுக்குத் திரும்பிப் போனது.

வெறும் டின்னால் தண்ணீர் கோலிக்கொண்டே
நான் சொன்னேன்: "கால் என்றால் காற்று என்றும் பொருள்.
எட்டாம் வகுப்பில் படித்தது."
"அப்ப காலையிலிருந்து
இதைத்தானே குடிக்கிறோம்" என்றான்.
பயம் தெளிந்த சிரிப்பு
ஒரு போத்தல் சாராயத்துக்குக் காணும்.

ஆற்று வாயில் பொழுது சாய்ந்திருந்தது.
இரண்டு அலைகளைப் போகவிட்டு
மூன்றாவதன் முதுகில் உள்ளே வந்தோம்.
இருவரும் வாய் திறக்கவில்லை.
சுக்கானை மாறி மாறிப் பிடித்ததில்
இரண்டு உள்ளங்கையிலும் ஒரே இடத்தில் கொப்புளம்.

காக்கைத்தீவு மணலில் படகை இழுத்துப்போட்டு
மூடியைத் திருகினோம்.
நாள் முழுக்க வெயிலில் கிடந்த சூடு.
நன்றாயில்லை. இருந்தும் குடித்தோம்.
வெற்றுப் போத்தலைப் படமெடுத்து
நஸ்மிக்கு அனுப்பினான் றெஜினோல்ட்,
கரையில்தான் குடித்தோம் என்று ஒரு வரியும்.

புத்தி சொல்வான் என்று காத்திருந்தோம்.
நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது,
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தபடி:
"சுக்கான் இன்னும் இடப்பக்கம் இழுக்குதா?"

இழுக்கிறது, நஸ்மி.
நாலு வருடமாக இழுத்திருக்கிறது.