டீசலை அணைத்த பிறகு

லோயாங் பட்டறையில், தூக்கி நிறுத்திய படகின்
அடிவயிற்றில் இரண்டு துளை.
கை நடுங்கியது. மறைக்கவில்லை.
மிதப்பதற்கென்றே செய்த ஒன்றில்
நானே ஓட்டை போடுகிறேன்.

பசையிட்டு, போல்ட் இறுக்கி,
சுரைக்காய்ப் பருமனில் இரண்டு மின்மோட்டார்.
பழைய எஞ்சின் இருக்கட்டும் என்றார்
டான் பூன் ஹியாங்.
லித்தியம் பெட்டிகளை அதன் பக்கத்தில்
புதுச் சம்பந்திகளைப் போல் உட்காரவைத்தோம்.

சனிக்கிழமை, ஏற்றம் முடிந்து நீர் நின்ற வேளை,
உபின் தீவைப் பார்த்தபடி
டீசலை அணைத்தேன்.
படகு போய்க்கொண்டே இருந்தது.

முதலில் கேட்டது பில்ஜ் பம்பின் விக்கல்.
அப்புறம் சாங்கியில் இறங்கும் விமானம்.
அப்புறம்
பின்தளத்தில் கால் நீட்டியிருந்த திருமதி டான்,
எஞ்சின் சத்தம் மூடிக்கொள்ளும் என்ற பழக்கத்தில்,
எனக்கும் புரிகிற ஹொக்கியனில் சொன்னது:
"இந்தச் சனியனை வித்துத் தொலைச்சா என்ன?"

பூன் ஹியாங் திரும்பினார்.
பதினெட்டு வருடத்தில் இது எத்தனையாவது முறை
என்று கேட்கவில்லை.
அவளும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

நான் மீட்டரைப் பார்த்தேன்.
மணிக்கு நாலு கடல்மைல். எழுபத்தொரு சதவீதம்.
இன்னும் இரண்டு மணி நேரம்
இப்படியே போகலாம்.
போகலாமா என்று
யாரிடம் கேட்பது?