அரை அம்பியர்

மூன்று முறை டிக்.
பிறகு ஒரு இழுப்பு, சுழலப் பார்க்கும் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
மறுபடி மூன்று முறை டிக்.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
திங்கட்கிழமைக்குள் வரித் திணைக்களத்துக்கு
நாலு வருசத்து ரசீதுகள் போகவேண்டும்.
கோழி வாங்கியது, எண்ணெய் வாங்கியது,
பூப்புனித விழா ஒன்றுக்கு வாடகைக்கு வான் பிடித்தது,
எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்.
சவர்க்காரக் கட்டியளவுதான் இருக்கும்.

"நீங்கள் விழுத்தியிருக்கிறீங்கள்" என்றேன்.
"நான் தொடவேயில்லை" என்றார் பரஞ்சோதி.
தொடாத ஆள்
ஏன் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும்?

பெட்டியில் ஒரு சின்ன நீல விளக்கு.
அது எரிந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.
விளக்கு எரிய ஒரு சொட்டுப் போதும்,
உள்ளே தட்டைக் கிளப்பிச் சுழற்ற ஒரு மடக்காவது வேண்டும்
என்று எனக்கு அப்போது தெரியாது.
காதோடு வைத்துக் கேட்டேன்.
விக்கல் எடுத்த பிள்ளை மாதிரி இருந்தது.

ஃப்ரீசருக்குள் வைத்தால் சரிவரும்
என்று ஃபோனில் சொன்னாள் மச்சாள் சுகிர்தமலர்.
ஃப்ரீசர் எதற்கு இந்த ஊரில்,
கதவைத் திறந்து படியில் வைத்தால் போதுமே.

போர்ட்டேஜ் அவென்யூக் கடையில் ஒரு பெடியன்
திறந்து பார்க்கவே தொளாயிரம் டொலர் என்றான்.
உள்ளே இருப்பது கோழிக்கணக்கு, தம்பி, என்றேன்.
அவனுக்குத் தமிழ் தெரியாது. நல்லது.

ஞாயிறு காலை கார் எழும்பவில்லை.
இங்கே கார்களுக்கு மூக்கிலிருந்து வயர் தொங்கும்,
இரவில் செருகாவிட்டால் எஞ்சின் கட்டியாகிவிடும்.
செருகித்தான் இருந்தது. இரவு முழுக்க.
பக்கத்து வீட்டு ரொடோல்ஃபோ பனியில் குந்தியிருந்து
எங்கள் செம்மஞ்சள் வயரை விரலால் உருட்டிப் பார்த்தார்.
கராஜிலிருந்து வேலியைச் சுற்றி,
இரண்டு வயரை ஒன்றோடொன்று செருகி, நூறு அடி.
மெல்லிசு, நீளமும் கூட, என்றார்.
வருகிற வழியிலேயே களைத்துப்போகும்,
காருக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

ஹீட்டர் காற்று படக்கூடாதென்று
கம்ப்யூட்டரை மூலைக்குத் தள்ளியது நான்.
எட்டவில்லையென்று டொலர் கடையில்
மூன்று மீட்டர் வயர் வாங்கி நீட்டிக் கொடுத்ததும் நான்.
அதைச் செருகியதோ
கீபோர்டும் ஃபோனும் ஒரு குட்டி விசிறியும்
ஏற்கனவே பிடுங்கித் தின்கிற ஹப்பில்.
அரை அம்பியர்.
அதற்குள் நாலு பேருக்குப் பந்தி.

குட்டை வயர் லாச்சிக்குள் கிடந்தது,
ரப்பர் பாண்டும் பழைய சாவிகளும் சுற்றி.
மேசைக்குக் கீழே தவழ்ந்துபோய்
பின்பக்கத் துளையில் நேராகச் செருகினேன்.

டிக் இல்லை.
ஒரு மெல்லிய உறுமல், ஏறி, இன்னும் ஏறி,
ஒரே சுருதியில் நின்றது.
திரையில் பெயர் வந்தது: கடை 2.

நீளம் கரண்டைத் தின்னும் என்பதை வைத்துக்கொண்டு
கடல், கண்டம், பிரிவு என்று
எதையாவது எழுதலாம்.
எழுதப்போவதில்லை. எனக்கு ரசீது வேண்டும்.

பிரதி எடுக்க மூன்று மணி நாற்பது நிமிடம் என்றது திரை.
பரஞ்சோதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
பாதி வாக்கியம் வந்திருக்கும்.

"கார்த்திகையில ஒருக்கா," என்றார்,
"கை தவறிப்போச்சு.
மூண்டு படி. கம்பளம் விரிச்ச படிதான்."

ஆக, அது விழுந்துமிருக்கிறது.
விழுந்து எழும்பி
ரெண்டு மாதம் வேலையும் செய்திருக்கிறது.
பட்டினி போட்டது நான்.

பச்சைக் கோடு பதினாறு வீதத்தில் நின்றது.
அவர் குனிந்து பார்க்க மேசையில் கையூன்றினார்.
"கையை எடுங்கோ," என்றேன்.
"சுழலுது."