லிஃப்ட்டுக்கு ஒரு காசு

க்ல்தானியின் ஒன்பது மாடிக் கட்டிடங்களுக்கு நடுவே
வெள்ளை வேனை நிறுத்துகிறேன்.
வெள்ளை வேண்டாமென்று அன்றே சொன்னேன்,
திபிலிசி போலீசின் வண்டியும் வெள்ளைதான்.
ஓட்டுநர் பேச்சை யார் கேட்கிறார்கள்.

முதல் வாரம் ஈ காக்கை வரவில்லை.
திரைகள் மட்டும் விலகி விலகி மூடின.
எங்கள் தெருவில் பரிசோதனை என்றால்
வழிமறித்துக் கோப்பையில் சிறுநீர் கேட்பது,
அபராதம் கட்ட
அம்மாவின் தங்கப்பல் அடகுக்குப் போவது.
ஹாத்துனா அந்தச் சொல்லையே எடுத்துவிட்டாள்.
அட்டையில் எழுதி ஒட்டினாள்:
தேநீர். புது ஊசி. பெயர் கேட்க மாட்டோம்.

எட்டாம் நாள் நுக்சார் வந்தான்.
மூன்று வருடம் முன்பு பெரிய ஆஸ்பத்திரியில்
ஏழு இடத்தில் குத்தியும் இரத்தம் வரவில்லையாம்.
"நானே எடுத்துத் தருகிறேன், எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்"
என்றானாம்.
காவலாளியைக் கூப்பிட்டார்களாம்.
முழங்கைக் குழியைத் தடவியபடி சொன்னான்,
இடிந்துபோன வீட்டின் விலாசத்தைச் சொல்பவன்போல.

ஹாத்துனா விரல்நுனியில் ஒரு குத்து.
மாதுளை முத்தளவு.
அது போதும்.
பெட்டி ஒரு மணி நேரம் கேட்கும்.

இந்த ஒரு மணி நேரத்தில்தான்
முன்பெல்லாம் எல்லோரையும் தொலைத்தோம்.
அடுத்த செவ்வாய் வாருங்கள் என்ற சீட்டோடு போனவர்களுக்குச்
செவ்வாய் வரவேயில்லை.
உடல் முறுக்கத் தொடங்கியவனிடம்
கடிகாரத்தைக் காட்டி என்ன பயன்?

என் இருக்கைக்கடியில் நார்டிப் பலகை கிடந்தது.
எடுத்து விரித்தேன்.
அவன் கை நடுங்கியது,
பகடைக்கு அது தெரியாது.
முதலாட்டம் அவன். இரண்டாவதும் அவன்.
மூன்றாவதில் நான் முந்துகிறபோது
பெட்டி கூவிற்று.
ஹெபடைடிஸ் சி.
இருக்கிறது.

"ஊசியை விட்டால்தானே மாத்திரை தருவீர்கள்?"
ஹாத்துனா புட்டியைப் பலகைமேல் வைத்தாள்,
காய்களுக்கு நடுவே.
"தினம் ஒன்று. பன்னிரண்டு வாரம்.
மற்றதை நான் கேட்கவில்லை."

அவன் விடவில்லை.
அழகாக முடியட்டுமென்று நான் பொய் எழுதப்போவதில்லை.
வாரம் ஒரு புட்டி, வாரம் ஒரு ஆட்டம்.
அக்டோபரில் நான்கு நாள் காணோம். லாக்கப்.
திரும்பி வந்து
விட்டுப்போன நான்கு மாத்திரைகளை உள்ளங்கையில் நீட்டினான்,
கடன் பாக்கிபோல.
பனி விழுந்தது.
டிசம்பரில் புட்டி தீர்ந்தது, ஆட்டம் தீரவில்லை.

மார்ச்சில் இன்னொரு சொட்டு.
"இல்லை" என்றாள் ஹாத்துனா.
"என்ன இல்லை?"
"கிருமி."
"மற்றதெல்லாம் இருக்கிறது" என்றான்.
மூவரும் சிரித்தோம்.

ஆனால் அவன் போகவில்லை.
ஏழாம் மாடியைப் பார்த்தான்,
நீலத்துண்டு உலரும் பால்கனியை.
"நாத்தேலா இறங்கி வரமாட்டாள்.
நான் இங்கே நின்றாலே திரை விலகுகிறது.
அவள் நின்றால் நாளைக்கே
பள்ளிச் சமையலறையில் வேலை போய்விடும்.
அவளிடம் இருந்தால்
என்னிடம் இல்லை என்பது
எத்தனை நாளைக்கு?"

பெட்டி வேனைவிட்டு இறங்கக் கூடாதென்று
எங்கள் விதித்தாளில் இருக்கிறது.
ஹாத்துனா தாளை எடுத்துப் படித்தாள்.
மடித்து
டீ கிளாசுக்கு அடியில் வைத்தாள்.
வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள்.
பன்னிரண்டு கிலோப் பெட்டியை
உருளைக்கிழங்கு வாங்கும் சக்கரப்பையில் இறக்கி,
மேலே இரண்டு கொத்து கொத்தமல்லி செருகினாள்.

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்,
போட்டால்தான் ஏறும்.
நுக்சார் பாக்கெட்டைத் துழாவினான்,
மூடி, லைட்டர், ஒரு பொத்தான்.
என்னிடம் பத்து தெத்ரி இருந்தது.

"பலகையை எடுத்துக்கொண்டு நீயும் வா" என்றாள் என்னிடம்,
"ஒரு மணி நேரம் இருக்கிறதே."
"நாத்தேலா ஆடுவாளா?"
"எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்" என்றான் நுக்சார்.

காசு உள்ளே விழுந்தது.
கொஞ்சம் யோசித்துவிட்டு
லிஃப்ட் கிளம்பியது.